ஆல்டர்னேட்டர் மாற்றிய பிறகும்

நவம்பர் 3, ஞாயிறு

நாளையிலிருந்து இருபத்தைந்து நாள் கோவை. திங்கள் முதல் வெள்ளி வரை, தினமும் மாலை நான்கு மணிக்கு. சனி ஞாயிறு மெஷினுக்கும் ஓய்வு, எங்களுக்கும் ஓய்வு.

சிகிச்சை நங்கையாவுக்கு. ஆஸ்பத்திரித் தாளில் கதிர் சிகிச்சை என்று போட்டிருக்கிறது, ஊரில் கரண்ட் வைப்பது என்கிறார்கள். நங்கையா என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா, ராமாத்தாள். அறுபத்து நான்கு வயது. மார்பில் கட்டி எடுத்து, ஆறு முறை மருந்து ஏற்றி, கொட்டிய முடி இப்போதுதான் ஒரு விரற்கடை முளைத்திருக்கிறது. மகன் பஹ்ரைனில் இருக்கிறான். ஆஸ்பத்திரிப் பக்கத்திலேயே ரூம் பிடித்துத் தருகிறேன் என்றான். "அந்த ரூமுல உக்காந்து சொவத்தப் பாத்துட்டு இருக்கறதுக்கு இந்தக் கரண்டே வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். பஸ்ஸில் கூட்டம் இடித்தால் ஆபரேஷன் செய்த கை வலிக்கும். வாடகைக் காரில் வாந்தி வந்தாலும் நிறுத்தச் சொல்லக் கூச்சமாம்.

நான் ஓட்டுகிறேன், முடியும் வரை என் வீட்டிலேயே இருங்கள் என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. என் கல்யாணத்துக்கு வராதவர் இவர். ஆபீசுக்குப் போகிற பெண் வேண்டாம் என்று தம்பியிடம் சண்டை போட்டவர். என் வீட்டுக்காரர் போய் ஆறு வருடமாகிறது. இத்தனை காலத்தில் நாங்கள் இருவரும் பேசியதெல்லாம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான்.

கார் அவர் வாங்கியது. பன்னிரண்டு வருடம் ஆகிறது. நான்தான் அதிகம் ஓட்டியிருக்கிறேன்.

நவம்பர் 4, திங்கள்

முதல் நாள். உடுமலையில் ஒன்றரைக்குக் கிளம்பி மூன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். உள்ளே பத்து நிமிடம்தான் வேலை, அதற்கு முன் ஒரு மணி நேரம் காத்திருப்பு. வலிக்கிறதா என்று கேட்டேன். "போட்டோ புடிக்கற மாதிரிதான்" என்றார்.

திரும்பும்போது கிணத்துக்கடவிலேயே இருட்டிவிட்டது. எதிரே வருகிறவன் ஒருவனும் லைட்டைத் தாழ்த்துவதில்லை. அந்தக் காலத்தில் இப்படி இல்லை.

கேஸ் சிலிண்டர் வந்து திரும்பிப் போய்விட்டதாம். மறுபடி பதிய வேண்டும்.

நவம்பர் 6, புதன்

டேஷ்போர்டில் பேட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு லேசாக எரிகிறது. பிரேக் மிதித்தால் கொஞ்சம் கூடுகிறது. ஹெட்லைட்டும் மங்கல். அப்படியானால் திங்கட்கிழமை சிரமப்பட்டது வண்டியால்தான். மனதுக்கு நிம்மதியாக இருந்தது.

நங்கையாவுக்கு ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டது. முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு ரோட்டை வாய்விட்டுப் படிக்கிறார். "கோமங்கலம் வந்துருச்சு." "வேகத்தடை." "மாடு ஒண்ணு நிக்குது." நான் முப்பத்தொரு வருடம் தபால் துறையில் வேலை பார்த்து விருப்ப ஓய்வு வாங்கியவள், பத்தொன்பது வருடமாகக் கார் ஓட்டுகிறவள். எரிச்சலாகத்தான் இருக்கிறது. உடம்பு சரியில்லாதவர் என்று பேசாமல் இருந்தேன்.

நவம்பர் 8, வெள்ளி

காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. க்ர்ர் என்று இழுத்து நின்றுவிட்டது. பேட்டரிக் கடைக்காரர் வந்து பார்த்து, நாலு வருடம் ஆயிற்று, மாற்றிவிடலாம் என்றார். புதுப் பேட்டரி போட்டாயிற்று. ஐந்தாவது நாள் தவறாமல் முடிந்தது.

நவம்பர் 10, ஞாயிறு

முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி. உளுந்தில் கல் பொறுக்க உட்கார்ந்தேன். இந்த முறை வந்த உளுந்து சரியில்லை, கல்லும் உளுந்தும் ஒரே நிறம். நங்கையா முறத்தை வாங்கிப் பொறுக்கினார். கல்லே இல்லை என்றார்.

நவம்பர் 11, திங்கள்

புதுப் பேட்டரியும் படுத்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் தள்ளிவிட, தளி ரோட்டில் இருக்கும் கிட்டுசாமியிடம் கொண்டுபோனேன். ஆட்டோ எலக்ட்ரீஷியன். நாற்பத்தைந்து வயது இருக்கும். நான் தளியில் வேலை பார்த்தபோது அவன் அம்மாவுக்கு ஓய்வூதிய மணியார்டர் என் கையால்தான் போகும். அதனால் எனக்குப் பெயர் போஸ்ட்மாஸ்டர் அக்கா.

வண்டியை ஓடவிட்டு மீட்டர் வைத்துப் பார்த்தான்.

"இஞ்சின் ஓடறப்ப பதினாலு காட்டோணுமுங்க்கா. பன்னண்டுலயே நிக்குது. பேட்டரி மேல தப்பில்லீங்க. பேட்டரிங்கறது மேல இருக்கற தொட்டி. தண்ணி ஏத்தற மோட்டார் இந்த ஆல்டர்னேட்டர். மோட்டார் ஓடாம தொட்டிய மட்டும் புதுசு பண்ணினா எத்தன நாளைக்குங்க?"

"ஒரு மணிக்குள்ள ஆகுமா? நான் கோயமுத்தூர் போயாகோணும்."

"எதுக்குங்க்கா அவசரம்?"

சொன்னேன். மற்ற இரண்டு வண்டியையும் அப்படியே விட்டுவிட்டு இதைக் கழற்றினான். உள்ளே கார்பன் கட்டை தேய்ந்து சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஆகியிருந்தது. பேரிங்கும் சத்தம். இரண்டையும் மாற்றி, பன்னிரண்டே முக்காலுக்குக் கொடுத்தான். "இப்பத்திக்கு ஓடும். ஆனா பழசுங்க. செவப்பு லைட்டு வந்தா அன்னைக்கே சொல்லிப் போடுங்க."

ஆறாவது நாள் முடிந்தது.

நவம்பர் 12, செவ்வாய்

சிவப்பு விளக்கு இல்லை. ஆனால் ஹெட்லைட் இன்னும் போதவில்லை. பேட்டரி முழுதாக ஏறச் சில நாள் ஆகும்போல.

அப்பாவுக்கு ஐம்பத்தெட்டு வயதில்...

வேண்டாம்.

நவம்பர் 15, வெள்ளி

பத்து நாள் முடிந்தது. மழை. நங்கையாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, கஞ்சி மட்டும். முந்தானையைக் கழுத்து வரை இழுத்துச் சுற்றிக்கொள்கிறார். ஏசி குளிர்கிறதா என்றேன். ஆமாம் என்றார். அணைத்துவிட்டேன்.

நவம்பர் 19, செவ்வாய்

இந்த நோட்டில் என் எழுத்து கோட்டை விட்டு மேலே ஏறுகிறது. பேனா சரியில்லை.

நவம்பர் 22, வெள்ளி

பதினைந்தாவது நாள். எழுத நிறைய இருக்கிறது.

திரும்பும்போது கிணத்துக்கடவு தாண்டியதும் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. முன்பு மாதிரி லேசாக இல்லை. கிட்டுசாமிக்குப் போன் செய்தேன். "ஏசி, ரேடியோ எல்லாம் அமத்திருங்க. ஹெட்லைட்ட மட்டும் வெச்சுட்டு பொள்ளாச்சிக்கு வந்துருங்க. நான் பேட்டரி எடுத்துட்டு வாரேன்." பேட்டரியில் மிச்சம் இருப்பதை வைத்துத்தான் வண்டி ஓடுகிறது, புதிதாக ஏறுவது ஒன்றுமில்லை என்றான். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. பொள்ளாச்சியின் விளிம்பில், ஒரு பேக்கரிக்கு எதிரே, இஞ்சின் இரண்டு முறை குலுங்கி அணைந்தது. மணி ஆறே முக்கால்.

பேக்கரிக்காரரும் டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். நங்கையாவுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். நான் மன்னிப்புக் கேட்டேன்.

"வண்டி நின்னதுக்கு நீ என்ன பண்ணுவே?" என்றார். பிறகு, "உன்ற கல்யாணத்துக்கு நான் வரல. தெரியுமா?"

"தெரியாம என்னங்க. போட்டோவுல தேடினவதானே நான்."

"வந்திருக்கோணும்" என்றார். "முகூர்த்தத்துக்கு நாள் குறிக்கறதுக்குள்ளயே மனசு கேக்கல. ஆனா வீம்பு. வந்து நின்னா தம்பிகிட்டத் தோத்த மாதிரி ஆயிரும்னு இருந்துட்டேன். அப்பறம் அப்பிடியே வருசம் போயிருச்சு."

பன் வேண்டுமா என்று கேட்டேன். பாதி சாப்பிட்டார். இந்த வாரத்தில் அவர் சாப்பிட்ட முதல் கெட்டிச் சாப்பாடு அதுதான்.

கிட்டுசாமி உடுமலையிலிருந்து மொபெட்டில் பேட்டரியைக் காலிடையில் வைத்துக்கொண்டு வந்தான். மாற்றிப் போட்டு, வீடு வரை எங்களுக்கு முன்னாலேயே ஓட்டி வந்தான். அவன் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவது சுலபமாக இருந்தது.

நவம்பர் 24, ஞாயிறு

நேற்று கிட்டுசாமி கோவைக்குப் போய்ப் புது ஆல்டர்னேட்டர் வாங்கி வந்தான். இன்று மாட்டினான். பழையதைப் பிரித்துக் காட்டினான். உள்ளே செம்புக் கம்பிச் சுற்று கருகிக் கரிக்கட்டை மாதிரி இருந்தது. "இது இத்தன நாள் ஓடினதே உங்க நல்ல நேரமுங்க" என்றான். பெல்ட்டும் புதிது. மீட்டர் பதினாலு புள்ளி இரண்டு காட்டியது. என்னை வந்து பார்க்கச் சொன்னான். நீயே படி என்றேன்.

இனிக் கவலை இல்லை. வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு வைத்தேன். கிட்டுசாமியும் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

நவம்பர் 25, திங்கள்

லைட் இன்னும் மங்கல்.

நவம்பர் 26, செவ்வாய்

பதினேழாவது நாள். போய் வந்தோம். தலைவலி.

நவம்பர் 27, புதன்

காலையிலேயே கிட்டுசாமியிடம் போனேன். ஆல்டர்னேட்டர் மாற்றிய பிறகும் வெளிச்சம் போதவில்லை, சரியாகப் பார் என்று கொஞ்சம் கடிந்தே சொல்லிவிட்டேன். மீட்டர் வைத்தான். பதினாலு புள்ளி இரண்டு. பல்பைக் கழற்றிப் பார்த்தான், கண்ணாடியைத் துடைத்தான், ஒயரை இழுத்துப் பார்த்தான். எல்லாம் சரியாக இருக்கிறதாம். "பகல்ல என்னங்க தெரியும்? எனக்கும் கோயமுத்தூர்ல சாமான் வாங்கற வேல இருக்குது. உங்ககூடவே வாரேன். வர்றப்ப இருட்டுல பாத்துரலாம்" என்றான்.

போகும்போது நான் ஓட்டினேன். அவன் பின்னால் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தான். நங்கையா இன்று ரோட்டைப் படிக்கவில்லை. இரண்டு வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டது.

திரும்பும்போது அவன் ஓட்டினான். நான் பக்கத்தில். நங்கையா பின் சீட்டில் சாய்ந்திருந்தார். ஆறரை மணி. கிணத்துக்கடவு தாண்டி ரோட்டு விளக்கு இல்லாத இடம் வந்ததும் வேகத்தைக் குறைத்தான்.

"இப்ப எப்பிடீங்க்கா தெரியுது லைட்டு?"

"மங்கலாத்தான். நான் சொன்னேன்ல."

"எதுக்க வர்றது என்ன வண்டீங்க?"

பெரிய வெளிச்சம். பூவிரிந்த மாதிரி, சுற்றிலும் கம்பி கம்பியாக. "லாரி" என்றேன். கடந்து போனது. ஸ்கூட்டர்.

கொஞ்ச தூரம் போனதும் மெதுவாக, "எனக்கு ரோடு பளிச்சுனு தெரியுதுங்க்கா. அந்த மைல்கல்லு எழுத்து வரைக்கும் தெரியுது. வண்டில இனிப் பாக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க" என்றான்.

"அப்பன்னா வேற பல்பு..."

"அவளுக்குத் தெரியும், கிட்டு" என்றார் நங்கையா பின்னாலிருந்து. "விடு."

நான் திரும்பவில்லை.

"மூணு வாரமா எதுக்கு ஒவ்வொரு போர்டா நான் படிச்சுட்டு வாரேன்னு நெனச்சே? எனக்கென்ன பள்ளிக்கூடத்துல பரீட்சையா வெக்கறாங்க? நேத்து அந்த மனுசன்..."

வீடு வந்ததும் கிட்டுசாமி வண்டியை ஷெட்டில் விட்டு, சாவியை என் கையில் கொடுத்தான். நான் அதை நங்கையாவிடம் கொடுத்தேன்.

நவம்பர் 28, வியாழன்

செவ்வாய்க்கிழமை நடந்ததை எழுதுகிறேன். எழுதாமல் விட்டால் நடக்கவில்லை என்று ஆகிவிடாது.

கோமங்கலம் அருகே ஒருவர் சைக்கிளில் இரண்டு பக்கமும் தேங்காய் மூட்டை கட்டித் தள்ளிக்கொண்டு போனார். ஏழு மணி இருக்கும். எனக்கு அவர் தெரியவே இல்லை. நங்கையா கத்தியதும்தான் பிரேக் மிதித்தேன். போதவில்லை. நங்கையாதான் கைப்பிரேக்கை இழுத்தார், ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையையும் சேர்த்து. வண்டி வழுக்கி நின்றபோது மூட்டைக்கும் பம்பருக்கும் ஒரு சாண். அந்த மனிதர் திரும்பிப் பார்த்தார். திட்டக்கூட இல்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு வீட்டுக்கு வந்து "தலைவலி" என்று எழுதினேன்.

அப்பாவைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கர். கண் போவதை நாலு வருடம் யாரிடமும் சொல்லவில்லை. ஆபீஸ் படியை எண்ணி வைத்துக்கொண்டு ஏறுவார். அம்மாவிடம், வெளிச்சம் போதவில்லை, பெரிய பல்பு போடு என்பார். வீடு முழுக்க நூறு வாட் பல்பு. ஐம்பத்தெட்டில் தெரிந்தபோது கண் அழுத்தம் நரம்பைத் தின்றுவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். இது குடும்பத்தில் வரும், பிள்ளைகள் வருடா வருடம் காட்ட வேண்டும் என்றும் சொன்னார்கள். நான் நாற்பது வயது வரை காட்டினேன். பிறகு பயந்துபோய் நிறுத்திவிட்டேன். எனக்கு வரும் தை மாதம் ஐம்பத்தொன்பது.

இதை இன்று காலை நங்கையாவிடம் சொன்னேன். தோசை ஊற்றிக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல்.

"நீ சொல்லாதது தப்பு" என்றார். "தெரிஞ்சும் நான் ஏறி உக்காந்ததும் தப்பு. நீ நிறுத்திட்டா நான் எப்பிடிப் போறதுன்னு எனக்குப் பயம். அதனால வாயத் தொறக்கல. அந்த மனுசனுக்கு ஏதாவது ஆயிருந்தா ரண்டு பேரும்தான் பதில் சொல்லியிருக்கோணும்."

தோசை கருகிவிட்டது. இருவரும் அதையே சாப்பிட்டோம்.

மதியம் கிட்டுசாமி கூப்பிடாமலே வந்து நின்றான். மதியத்துக்கு மேல் கடையை அடைத்துவிட்டானாம். பத்தொன்பதாவது நாள் அவன் ஓட்டினான்.

டிசம்பர் 3, செவ்வாய்

இந்த வாரம் ஆஸ்பத்திரியில் பேசி காலை பதினொரு மணிக்கு மாற்றிக்கொண்டோம். நேற்றும் இன்றும் கிட்டுசாமிக்குக் கடையில் வேலை, அதனால் பஸ். காலையில் உட்கார இடம் கிடைக்கிறது. நங்கையா ஜன்னல் ஓரம், இடிபடாமல் நான் இந்தப் பக்கம். பொள்ளாச்சி தாண்டியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். முதலிலேயே இதைச் செய்திருக்கலாம் என்று நினைத்தேன். என் வாயால் ஓட்டுகிறேன் என்று சொன்னதைக் கைவிட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை கண் ஆஸ்பத்திரிக்கு நேரம் வாங்கிவிட்டார் நங்கையா. என்னைக் கேட்கவில்லை.

டிசம்பர் 6, வெள்ளி

இருபத்தைந்து. முடிந்தது.

வெளியே வந்ததும் நங்கையா சிகிச்சை அட்டையை என்னிடம் நீட்டினார். எல்லாக் கட்டத்திலும் கையெழுத்து. கிட்டுசாமி படித்துக் காட்டினான், ஒரு நாள்கூட விடுபடவில்லை. மூவரும் கிணத்துக்கடவில் நிறுத்தி வடை சாப்பிட்டோம். நங்கையா இரண்டு.

டிசம்பர் 8, ஞாயிறு

தூக்கம் வரவில்லை. நாளை.

டிசம்பர் 9, திங்கள்

எழுத்துப் பெரிதாக இருந்தால் அதற்குக் காரணம் கண்ணில் விட்ட சொட்டு மருந்து. இன்னும் தெளியவில்லை. ஆனால் இன்றே எழுத வேண்டும்.

எட்டு மணிக்குப் போனோம். முதலில் எழுத்துப் பலகை. வலது கண்ணில் மூன்றாவது வரிக்கு மேல் போக முடியவில்லை. பிறகு கண்ணில் காற்று அடித்து அழுத்தம் பார்த்தார்கள். அந்தப் பெண் எண்ணை எழுதிக்கொண்டாள். என்ன என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பிறகு மருந்து விட்டு ஒரு மணி நேரம் கண்ணை மூடி உட்கார வைத்தார்கள். வரிசையாகப் பத்துப் பேர், எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு. அப்பாவும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார். அவருடன் யார் போனார்கள் என்று யோசித்தேன். யாரும் போகவில்லை. தனியாகப் போய்த் தனியாக வந்தார்.

நங்கையா என் கையைப் பிடித்திருந்தார். அவர் கை சூடாக இருந்தது.

டாக்டர் சின்னப் பெண். வெளிச்சத்தை வைத்து நெடுநேரம் பார்த்தார். நானே கேட்டுவிட்டேன்: "எங்கப்பாவுக்குக் கண் அழுத்தம் இருந்துச்சுங்க. பார்வை போயிருச்சு. எனக்கு எவ்வளவு மிச்சம் இருக்குதுன்னு சொல்லிருங்க."

"அழுத்தம் நார்மலா இருக்கும்மா. நரம்பும் நல்லா இருக்கு. உங்களுக்கு இருக்கறது புரை. ரெண்டு கண்லயும். வலது கண்ல நல்லா முத்திடுச்சு."

"புரைன்னா?"

"ஆபரேஷன் பண்ணி லென்ஸ் வெச்சா சரியாயிடும். இவ்வளவு நாள் ஏன் வரல?"

அழுதேன். மருந்து விட்ட கண்ணில் அழக்கூடாது என்று டாக்டர் சொன்னார். நங்கையா, "அழுகட்டும், விடுங்கம்மா. மூணு வருசமா அடக்கி வெச்சது" என்றார். மூன்று வருடம் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. சரியாகத்தான் சொன்னார்.

வெளியே வெயில் தாங்க முடியவில்லை. ரோட்டைக் கடக்கக் கை பிடித்துக் கூட்டிப் போனார். காரையும் அதன் ஆல்டர்னேட்டரையும் இத்தனை நாள் வைததை நினைத்தால் கிட்டுசாமியின் முகத்தில் விழிக்கவே வெட்கமாக இருக்கிறது. சிரிப்பும் வருகிறது.

டிசம்பர் 18, புதன்

நேற்று வலது கண் ஆபரேஷன். இருபது நிமிடம் கூட ஆகவில்லை. இன்று காலை கட்டைப் பிரித்தார்கள்.

முதலில் பார்த்தது நங்கையாவை. எதிரே குனிந்து நின்று, "தெரியுதா?" என்றார்.

தெரிந்தது. முந்தானை விலகியிருந்தது. கழுத்துக்குக் கீழே, தோள்பட்டை வரை, தோல் கருத்துப் போய், அங்கங்கே உரிந்து, இளஞ்சிவப்பாக இருந்தது. தீயில் காட்டிய மாதிரி. ஒரு மாதமாக என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஏசி குளிர்கிறது என்று முந்தானையை இழுத்துக்கொண்டது இதற்குத்தான்.

"இது என்னங்க நங்கையா?"

"கரண்டு வெச்சா அப்பிடித்தான் ஆகும்னு சொன்னாங்க. இப்ப ஆறிட்டு வருது. போன வாரம் பாத்திருந்தா பயந்திருப்பே."

"வலிச்சுதுங்களா?"

"பின்ன வலிக்காமயா? சொன்னா நீ வண்டி ஓட்டறப்ப என்னயவே பாத்துட்டு வருவே. ரோட்டப் பாக்கறதே அங்க பெரும்பாடா இருந்துது."

பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாள் கூடச் சிரித்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேட்டேன். அவர்கள் கொடுத்த களிம்பு போதும் என்றார்கள். நானே தடவிவிட்டேன். புதுத்தோல் வருவது நன்றாகத் தெரிந்தது.

ஜனவரி 22, புதன்

இடது கண்ணும் ஆயிற்று. வீட்டில் இவ்வளவு ஒட்டடை இருக்கிறது.

பிப்ரவரி 24, திங்கள்

ஓட்டலாம் என்று டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார். சாயங்காலம் ஏழு மணிக்குக் கிட்டுசாமியைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தளி ரோட்டில் போய் வந்தேன். இது அவன் போட்ட நிபந்தனை. எதிரே வருவது என்ன வண்டி என்று கேட்டுக்கொண்டே வந்தான். எல்லாம் சரியாகச் சொன்னேன். "ஏனுங்க்கா, லைட்டு போதுங்களா?" என்று கேட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தான். சிரிக்கட்டும்.

மார்ச் 5, புதன்

மூன்று மாதப் பரிசோதனை. நான்தான் ஓட்டினேன். ஸ்கேன், ரத்தம், எல்லாம் நேற்றே எடுத்திருந்தது. டாக்டர் படங்களை மாட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கீங்க. இனி ஆறு மாசம் கழிச்சு வந்தாப் போதும்" என்றார்.

நங்கையா எழுந்திருக்கவில்லை. "மறுபடியும் ஒருக்கா சொல்லுங்க" என்றார். டாக்டர் மறுபடியும் சொன்னார்.

காரில் ஏறியதும் மகனுக்குப் போன் செய்து பேசினார். பொள்ளாச்சி வந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"கோகிலா."

"சொல்லுங்க."

"நாளைக்கு எங்க போறம்?"

"எங்கயும் இல்லீங்களே. எல்லாம் முடிஞ்சுது."

"அதான்" என்றார். "பொழுது போகாது போல இருக்குது. ஆஸ்பத்திரி இல்லாத ஊரு ஏதாவது இருந்தாச் சொல்லு. அங்க போலாம்."

மார்ச் 6, வியாழன்

காலை ஆறரைக்குக் கிளம்புகிறோம். வால்பாறை. அங்கே ஆஸ்பத்திரி இருக்கிறது, நான் சொல்லவில்லை. எலுமிச்சை சாதம் கட்டியாயிற்று. நங்கையா செருப்பு போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார், இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்.